அத்தானுக்கு ஒரு கிம்பல் ஹெட்

எங்கள் கடைக்கு ட்ரைபாட் ஹெட் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஹெட்டைப் பார்ப்பதே இல்லை. ட்ரைபாட் என்பது காமிராவை நிறுத்துகிற மூன்று கால் தாங்கி, அதன் உச்சியில் காமிராவைப் பிடித்துக்கொள்கிற பாகம்தான் ஹெட். அதை மாட்டிக்கொண்டு நிற்கும்போது தாங்கள் எப்படித் தெரிவோம் என்றுதான் பார்க்கிறார்கள். லென்ஸ் என்ன எடை என்று கேட்டால் முழிப்பார்கள். லென்ஸைக் கொண்டுவந்திருக்கிறீர்களா, போட்டுப் பார்க்கலாமே என்றால் இன்னும் முழிப்பார்கள். காலை வீட்டில் வைத்துவிட்டுச் செருப்பு வாங்க வந்த மாதிரி. காமிரா சாமான் விற்கிற கவுண்டரில் நின்று நின்று, இந்த ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அப்படி ஒரு ஆள் எங்கள் குடும்பத்திலேயே இருப்பார், அவருக்காக நான் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு அத்தான். ஒரு தினசரிப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்துக்குப் படம் எடுக்கிறார். சேர்ந்த புதிதில் இருட்டறையில் ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் ஆள் வராததால் காமிராவைக் கையில் கொடுத்து மைதானத்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் இருட்டறைக்குள் திரும்பிப் போகவில்லை. எந்தப் பந்தயம் நடந்தாலும் கோட்டோரத்தில் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் மண்டியிட்டிருப்பார் பாருங்கள், அவர்தான்.

மைதானத்தில் அவருக்குப் பெயர் கல்லுக்கை. தூரத்தில் ஓடுகிற ஆளைப் பக்கத்தில் கொண்டுவருகிற லென்ஸ் இருக்கிறதே, அது ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும், நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மற்றவர்கள் அதன் அடியில் ஒற்றைக் கம்பு ஒன்றைக் கொடுத்துத் தாங்கிக்கொள்வார்கள். அத்தான் வெறும் கையில் பிடிப்பார். பந்தயம் முடிகிறவரை பிடிப்பார். படத்தில் ஓடுகிறவரின் வியர்வைத் துளியை எண்ணலாம். கம்பு எதற்கு, நான் என்ன மாடா மேய்க்கப் போகிறேன் என்பது அவர் வாயில் ஓயாமல் வருகிற பேச்சு. இதே கை வீட்டில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியதில்லை என்பது அக்கா வாயில் ஓயாமல் வருகிற பேச்சு.

அத்தானுக்கு வாயும் கொஞ்சம் நீளம். யாரைப் பார்த்தாலும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார், அதுவும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். விளையாட்டுப் பக்க ஆசிரியருக்கு விசில். ஆபீஸ் வண்டி ஓட்டுகிறவருக்குப் பள்ளம். எனக்கு ரசீது. நாங்கள் எல்லோரும் சிரிப்போம். பெயர் வைக்கப்பட்டவரும் சிரித்துத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அதைவிட மோசமான பெயர் வரும். இப்படித்தான் அவர் ஒரு மனிதருக்கு முக்காலி என்று பெயர் வைத்தார்.

அந்த மனிதர் அதே பத்திரிகையில் அத்தானுக்கு மூத்த போட்டோகிராபர். நிதானமான ஆள், மைதானத்துக்கு எப்போதும் ட்ரைபாட்டோடுதான் வருவார். அந்தப் பெயரைக் கொஞ்ச காலம் சுமந்து பார்த்துவிட்டு வேலையை விட்டுப் போனார். போய் ஒரு காமிராக் கடை வைத்தார். அந்தக் கடைதான் எங்கள் கடை. அவர்தான் என் முதலாளி. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் கதையைப் பொத்தி வைத்துக் கடைசியில் அவிழ்க்கிற வேலை எனக்குப் பிடிக்காது, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கா விஷயத்தைச் சொன்னபோது, அந்தக் கடையா என்று மட்டும் கேட்டுவிட்டு அத்தான் கை கழுவப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு எங்கள் கடைப்பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை. மச்சினி வேலை பார்க்கிற இடத்துக்கு வரக் கூச்சப்படுகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அவர் கை நடுங்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தது அக்கா. சட்டைப் பொத்தான் போடக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு பொத்தான் சட்டைகளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, தலைவழியாக மாட்டுகிற சட்டைக்கு மாறினார். மாப்பிள்ளைக்கு வயசு திரும்புது என்று அக்கா கேலி செய்தாள். அப்புறம் ஒரு நாள், அவர் சாவியைப் பூட்டில் நுழைக்க முடியாமல் வாசலில் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கேலியை நிறுத்தினாள். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். உயிருக்கு ஒன்றும் இல்லை, சிலருக்கு வயதோடு வருகிற நடுக்கம்தான், மாத்திரையில் குறையும், முழுதாகப் போகாது என்றார் டாக்டர். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அத்தான் அக்காவிடம் சத்தியம் வாங்கினார். அக்கா சத்தியத்தைக் காப்பாற்றினாள். என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

மைதானத்தில் படங்கள் கலங்க ஆரம்பித்தன. ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். நடுக்கம் மறைந்தது, ஆனால் வெளிச்சம் போதாமல் படம் மணலைத் தூவின மாதிரி வந்தது. விசில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசாமல் செய்தி ஏஜென்சிக்காரர்களின் படத்தை எடுத்துப் பக்கத்தில் போட ஆரம்பித்தார். மூஞ்சிக்கு நேராகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அத்தான் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் அதையும் சொல்லியிருக்கிறார்.

தடகளப் போட்டிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு முன்னால் இருந்தது ஒரே வழி. லென்ஸை ட்ரைபாட்டில் உட்கார வைத்துவிட்டால் கை நடுங்கினாலும் படம் நடுங்காது, இன்னும் பல வருஷம் மைதானத்தில் இருக்கலாம். முடியாது என்றால் காமிராவைக் கீழே வைத்துவிட்டு, ஆபீஸ் மூலையில் பழைய படங்களை அடுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ட்ரைபாட்டோடு மைதானத்துக்குள் நுழைவதைவிடப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நினைக்கிற மனிதர் என்ன செய்வார்? நாள் கடத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், ஒவ்வொரு ஹெட்டாகப் போட்டுக் காட்டுகிறேன் என்று நானே போய்க் கூப்பிட்டேன். பார்க்கலாம் என்றார். எங்கள் குடும்பத்தில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

அவர் போனது ஊரின் அந்தக் கோடியில், அவரை யாருக்கும் தெரியாத ஒரு கடைக்கு. லென்ஸை எடுத்துப் போகவில்லை. எனக்கு இல்லை, என் நண்பர் ஒருவருக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நண்பர் லென்ஸை நிறுத்தி வைத்து எடுப்பாரா, ஓடுகிறதைத் துரத்தி எடுப்பாரா என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். அது கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் இன்னொரு கேள்வி வரும், அப்புறம் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து, எல்லாம் எடுப்பார் என்று மென்று முழுங்கியிருக்கிறார். பிறகு இருப்பதிலேயே சின்னதாக, பைக்குள் ஒளித்து வைக்கிற மாதிரி ஒரு பால் ஹெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெட்டியில் தாங்கும் என்று போட்டிருந்த எடை அவருடைய லென்ஸின் எடையைப் போலப் பல மடங்கு. அதைப் பார்த்துத்தான் நிம்மதியாக வாங்கினாராம்.

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். பெட்டியில் போட்டிருப்பது பொய் இல்லை. அந்த ஹெட் அவ்வளவு எடையைத் தாங்கும், திருகை இறுக்கி வைத்தால். ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை, அந்த உருண்டையின் தலையில் லென்ஸ், பால் ஹெட் என்பது அவ்வளவுதான். இறுக்கினால் கல்லு மாதிரி நிற்கும். ஆனால் ஓடுகிற ஆளைத் துரத்த வேண்டுமென்றால் திருகைத் தளர்த்தத்தானே வேண்டும்? தளர்த்தின நிமிஷம் அவ்வளவு கனமும் உருண்டையை விட்டுவிட்டுப் பிடித்திருக்கிற கைக்கு வந்துவிடும். சின்ன லென்ஸ் என்றால் சமாளிக்கலாம். இது கைக்குழந்தை. கை எதற்காக ஓய்வு கேட்டதோ அந்த வேலையையே திரும்பக் கையிடம் கொடுக்கிற ஹெட்டைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தார் எங்கள் அத்தான். வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் இருந்த காலண்டரைக் குறிபார்த்து, நன்றாக இறுக்கி வைத்துப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார். அற்புதமாக வந்ததாம். வராமல்? காலண்டர் எங்கே ஓடப்போகிறது.

போட்டியின் முதல் நாள் நடந்ததை எனக்குச் சொன்னது அத்தான் இல்லை. மறுநாள் காலையில் ஃபில்டர் வாங்க வந்த ஒரு போட்டோகிராபர். அத்தானோடு ஒரே வரிசையில் நிற்கிறவர், என்னை யாரென்று தெரியாதவர். கேட்காமலே கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு நடித்தே காட்டினார்.

அத்தான் வரிசையில் கடைசியாக, ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் போய் ட்ரைபாட்டை விரித்திருக்கிறார். கேட்டவர்களிடம் ஆபீஸில் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள் என்றிருக்கிறார். பெண்கள் ஓட்டம். திருகைத் தளர்த்தி, வளைவிலிருந்து லென்ஸால் துரத்திக்கொண்டே வந்திருக்கிறார். முதலாவதாக வந்த பெண் கோட்டைத் தாண்டியதும் அவருக்குச் சற்று முன்னால் மண்டியிட்டு அழ ஆரம்பித்தாள். அவ்வளவு கிட்டத்தில் பெரிய லென்ஸ் உதவாது. தோளில் தொங்குகிற சின்னக் காமிராவை எடுக்க வேண்டும். காலம் முழுக்க வெறும் கையில் எடுத்தவர்களுக்கு அந்த நேரத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய லென்ஸை அப்படியே கையிலிருந்து விட்டுவிடுவார்கள். அது தோள்பட்டை வாரில் இடுப்போரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அத்தானும் விட்டுவிட்டார். அன்று வார் இல்லை, ட்ரைபாட்தான் இருந்தது. திருகையும் இறுக்கவில்லை.

லென்ஸ் மூக்குக் குப்புறக் கவிழ்ந்தது. கவிழ்ந்த வேகத்தில் ட்ரைபாட்டையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. முனையில் மாட்டியிருந்த வெயில் மறைப்பு உடைந்து கழன்று, அத்தனை ஜனம் பார்க்க ஓடுபாதையில் உருண்டு போனது. மண்டியிட்டிருந்த பெண்ணே எழுந்து போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, சார், உங்களுடையதா என்று நீட்டியிருக்கிறாள். அத்தான் வாங்கக் கையை நீட்டினார். கை ஆடின ஆட்டத்தில் அது திரும்பவும் கீழே விழுந்தது. அவள் மறுபடி குனிந்து எடுத்து, இந்த முறை அவர் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, முதுகைத் தட்டிக் கொடுத்தாளாம். பந்தயத்தில் ஜெயித்தவள் தோற்றவரைத் தேற்றுகிற மாதிரி.

"வரிசைல ஒருத்தன் கேட்டான் பாருங்க," என்றார் வந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல். "என்ன கல்லுக்கை, முக்காலி சாஞ்சிடுச்சான்னு. அவ்வளவுதான், ஸ்டேடியமே ஒரே சிரிப்பு."

இவர் பேசுவது என் அத்தானைப் பற்றி என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஃபில்டரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன், அதையும் தலைகீழாகச் சுற்றினேன். பின்னால் அலமாரி ஓரம் முதலாளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்காமல் உள்ளே போய்விட்டார்.

அன்று வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நசுங்கின லென்ஸ் வளையத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தால் நசுங்கல் போய்விடுமா? லென்ஸ் ஆபீஸுடையது. கண்ணாடிக்குச் சேதம் இல்லாததால் பிழைத்தார். கடைசி நாள் ஓட்டங்களுக்கு நீங்கள் வருகிறீர்களா, வேறு ஆளைப் போடட்டுமா என்று விசில் கேட்டாராம். எவ்வளவு மரியாதையாகக் கேட்டாரோ அவ்வளவு வலித்திருக்கிறது.

எங்கள் கடையில் கிம்பல் ஹெட் இருக்கிறது, நாளைக்கே வாருங்கள், இனிமேலாவது வீம்பு பிடிக்காதீர்கள் என்று நான் குரலை உயர்த்தினேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். பெயர் வைத்தது. அந்தப் பெயரைப் பந்தய வீரர்கள்வரைக்கும் பரப்பியது. ஒரு நாள் கோட்டோரத்தில் அந்த மனிதர் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிஜமான முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, அதன் காலில் ஒரு பத்திரிகையாளர் அடையாள அட்டையை எழுதித் தொங்கவிட்டது. அவர் வந்து பார்த்திருக்கிறார். முக்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தன் ட்ரைபாட்டை விரித்து அன்றைய பந்தயத்தை முழுக்க எடுத்திருக்கிறார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்க," என்றார் அத்தான். "அதனால நல்ல தமாஷுன்னு நெனச்சேன்."

அக்காவுக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை என்னிடம் சொல்லவில்லையே என்று ஆரம்பித்தவள், என் தங்கச்சியை அந்த மனுஷன் கடையிலேயே நிற்க வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாயா என்று ஒருமைக்கு வந்துவிட்டாள். எனக்கும் அதுதான். தினமும் காலையில் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே நுழைகிறேன், அந்த முகத்தில் இனி எப்படி முழிப்பேன்? கடைசியில் அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

"மொதல்ல கடைக்குப் போ. போய் அவர்கிட்ட நேருக்கு நேரா மன்னிப்புக் கேளு. அப்புறம் அவங்க வீட்டுக்குப் போறோம். அவரு பொண்டாட்டி முன்னாடி சொல்லணும். நானும் வர்றேன்."

இரண்டில் ஒன்று. அந்தக் கடைக்குள் போவது, இல்லையென்றால் காமிராவைக் கீழே வைப்பது. அத்தான் வளையத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். மறுநாள் மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம். லென்ஸ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். முதலாளி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு அத்தானைத் தெரியும், நான் யார் என்பதும் ரொம்ப நாளாகவே தெரியுமாம். அதைக் காட்டிக்கொண்டதே இல்லை. எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரி, வாங்க என்றார். என்ன எடை, எந்த ஓட்டம், உட்கார்ந்து எடுப்பீர்களா நின்றா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அத்தான் வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இரண்டு வார்த்தை சூடாகக் கேட்டுத் தொலைக்கக் கூடாதா இந்த மனிதர் என்று எனக்கு முதலாளி மேல்கூடக் கோபம் வந்தது.

அவரே அலமாரியிலிருந்து கிம்பல் ஹெட்டை எடுத்து ஒரு ட்ரைபாட்டில் பூட்டினார். அதில் லென்ஸ் உருண்டையின் தலையில் உட்காராது. பக்கவாட்டில் ஒரு கை எழும்பி வரும், அதிலிருந்து ஊஞ்சல் பலகை மாதிரி ஒன்று தொங்கும், லென்ஸ் அந்தப் பலகையில் உட்காரும். முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான இடத்தில் உட்கார வைத்துவிட்டால் திருகைத் தளர்த்தினாலும் கவிழாது. விட்ட இடத்தில் நிற்கும், தொட்ட பக்கம் திரும்பும். லென்ஸை நீங்களே போடுங்கள் என்றார் முதலாளி. அத்தான் போட முயன்றார். பலகை ஒரு பக்கம் போனது, விரல் ஒரு பக்கம் போனது. நான் உதவிக்கு நகர்ந்தேன்.

"நீ உன் வேலையைப் பாரும்மா," என்றார் முதலாளி. "அவர் போட்டுக்குவார்."

போட்டார். முதலாளி அவசரப்படுத்தவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவும் இல்லை. லென்ஸைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னார், இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னார், பிறகு திருகைத் தளர்த்தினார். கையை எடுங்கள் என்றார். அத்தான் எடுக்கவில்லை. போன முறை கையை எடுத்த ஞாபகம் அவருக்கு இருக்காதா?

"நிக்கும். எடுங்க."

எடுத்தார். லென்ஸ் அசையவில்லை, கூரையைப் பார்த்தபடி அப்படியே நின்றது. கைகள்தான் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் நடுங்கின. அவர் அவற்றைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தார், பையைத் தேடினார், அந்தச் சட்டையில் பை இல்லை. முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாச்சு அண்ணே," என்றார் அத்தான். பிறகு வார்த்தைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. "அண்ணே, அன்னைக்கு நான் அந்த முக்காலியக் கொண்டாந்து போட்டது..."

முதலாளி சட்டென்று உள்கதவைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே அவர் வீட்டம்மா சாப்பாட்டுக் கேரியரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"மெதுவா. அவங்களுக்கு அது தெரியாது. நானா வேலைய விட்டேன்னு சொல்லியிருக்கேன். போகாதீங்கன்னு ஆபீஸ்ல எல்லாரும் கெஞ்சினாங்கன்னு சொல்லியிருக்கேன். சிரிச்சாங்க, தாங்க முடியாம ஓடி வந்துட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு." உள்கதவை மறுபடி பார்த்துக்கொண்டார். "நீங்க மன்னிப்பு கின்னிப்புன்னு எதுவும் கேக்க வேணாம். இங்கயும் வேணாம், வீட்டுக்கு வந்தும் வேணாம். அத மட்டும் பண்ணுங்க."

கேட்டது முதலாளி, கெஞ்சியதும் அவர்தான். தப்புச் செய்தவரிடம் போய், வெளியே சொல்லிவிடாதே என்று பாதிக்கப்பட்டவர் கெஞ்சுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. அவமானம் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் அதைத் தன் வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கடை நடத்தியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, குனிந்து லென்ஸ் மூடியைத் தேடுகிற மாதிரி தேடினேன்.

வீட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். சாப்பிட வரச் சொல்ல வந்தவர்கள் அத்தானின் பையில் பத்திரிகையின் பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

"நீங்க அந்தப் பேப்பரா? இவரும் அங்கதான் இருந்தாரு. தெரியுமா இவர?"

தெரியும் என்று தலையை ஆட்டினார் அத்தான்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. இவரு வேலைய விடறேன்னு போய் நின்னப்போ, போகாதீங்கன்னு எல்லாரும் அப்படிக் கெஞ்சினாங்களாமே. நான் நம்பவே மாட்டேன். சும்மா அளக்குறாருன்னு இத்தனை வருஷமா கேலி பண்ணிட்டிருக்கேன்."

முதலாளி ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு திருகை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார். அத்தான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளியின் கையைப் பார்த்தார்.

"உண்மைதாம்மா," என்றார். "எல்லாரும் கெஞ்சினோம். எல்லாரையும் விட நான்தான் ரொம்பக் கெஞ்சினேன். இவருதான் கேக்கல."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. பாவம், உங்களைப் போய் இவ்வளவு நாள் சந்தேகப்பட்டேனே என்று கணவரின் தோளில் தட்டினார்கள். பிறகு அத்தானைப் பார்த்து, "இவ்வளவு பாசமான மனுஷங்கள விட்டுட்டு வந்திருக்காரு பாருங்க. உங்களப் பத்தி ஒரு நாள்கூட வாயத் தொறந்ததில்ல," என்றார்கள். உங்கள் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும் என்றார்கள். அத்தான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வருகிறேன் என்றார். ஒரு மனிதருக்கு முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. முதலாளி நிமிராமலே என்னைப் பில் போடச் சொன்னார்.

பெட்டியை நான் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தேன். பஸ் வருவது தெரிந்ததும்தான், அக்கா கேட்டால் என்ன சொல்வது என்று நான் கேட்டேன்.

"மன்னிப்புக் கேக்க முடியலன்னு சொல்லு," என்றார். "இனிமேயும் முடியாதுன்னு சொல்லு."

பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறிப் போனார்.